ஆடியில் பொங்கிய பால்

வெள்ளிக்கிழமை, காலை 9.10.

அரசு வீட்டுத் திட்டத்தின் உதவிப் பொறியாளர் சசிதர் கொத்திலிருந்து ஒரு சாவியை எடுத்து, 'ஆ' பிளாக் நாலாம் நம்பர் வீட்டுக் கதவில் போட்டுத் திருகினார். பூட்டு டக்கென்று விட்டது. சாவியைத் தாஜுன்னிசாவின் கையில் வைக்கப் போனவர், அதில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

"ஸாரிம்மா, இது ஒன்பதாம் நம்பர்" என்று கொத்தைத் துழாவி, நாலாம் நம்பர் அட்டை தொங்கிய சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

சாவி வாங்க வந்திருந்த கூட்டம் கை தட்டியது. சக்கர நாற்காலியில் இருந்த அவள் கணவர் பீர் முகம்மது நிமிர்ந்து உட்கார்ந்தார். சர்க்கரை நோய் அவருடைய வலது காலை முழங்காலோடு வாங்கிக்கொண்டு போய்விட்டது. இதுவரை இருந்தது உக்கடத்தில் மூன்றாவது மாடி வாடகை அறை. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இது தரைத்தள வீடு. வாசலில் சாய்தளம்கூட உண்டு.

தாஜுன்னிசா "பிஸ்மில்லா" என்று கதவைத் தள்ளினாள்.

புதுச் சுண்ணாம்பு வாசம் வரவில்லை. தீய்ந்த பால் வாசம் வந்தது.

கூட்டம் எட்டிப் பார்த்தது. சமையலறைத் தரையில் மூன்று செங்கல். நடுவே கரியும் சாம்பலும். பால் பொங்கி வழிந்து, தரையில் காய்ந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் அரிசி, உப்பு, மஞ்சள் கிழங்கு. மூலையில் எண்ணெய் வற்றிய அகல். கதவுக்கு உள்பக்கம் மாவிலைத் தோரணம். நிலைப்படியின் உள்பக்கம் முழுக்க மஞ்சள் பூசி, வரிசையாகக் குங்குமப் பொட்டு.

யாரோ இந்த வீட்டுக்கு ஏற்கெனவே பால் காய்ச்சிக் குடி புகுந்திருக்கிறார்கள்.

சசிதரின் முகம் மாறியது.

"பாய், வீட்டை யாருக்கு வித்தீங்க?"

"என்னங்க சார் சொல்றீங்க?" என்றார் பீர் முகம்மது.

"சாவி வாங்கறதுக்கு முன்னாடியே கைமாத்தி விடறது புதுசு இல்ல. விதி என்னன்னு தெரியுமில்ல? திட்டத்து வீட்டை யாரு வித்தாலும், விக்கத் துணை போனாலும் ஒதுக்கீடு ரத்து. நீங்க பால் காய்ச்ச மாட்டீங்க. அப்ப காய்ச்சினது வேற ஒரு குடும்பம். சரிதானே?"

தாஜுன்னிசா கையிலிருந்த சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு தடவை எழுதிப் போட்டு வாங்குன வூடுங்க சார் இது. வித்துப்போட்டு இவரை நான் எங்க தூக்கிட்டுப் போவேன்?"

"சாவியக் குடுங்கம்மா."

"ஒரு நிமிஷம் சார்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தவள் சண்முகப்ரியா. செம்பருத்தி நகர் குடியிருப்போர் உதவி மையத்தின் பொறுப்பாளர். மதுக்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் குடியிருப்பில் முதியோர் உதவித்தொகை நின்று போனாலும், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டாலும், புருஷன் குடித்துவிட்டு வந்து அடித்தாலும், சனம் முதலில் வந்து நிற்பது வாயிற்கதவை ஒட்டிய அவளுடைய ஒற்றை அறையில்தான். தாராபுரத்துக்காரி. சமூகப் பணி படித்தவள். யோசிக்கும்போது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றுவாள். இப்போது சுற்றிக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமை மத்தியானம் நீங்கதானே சார் எல்லா வீட்டையும் பார்த்துப் பூட்டினீங்க?"

"ஆமா. அப்ப சுத்தமா இருந்துச்சு. சாவி என் பீரோவுல. ஒரு வீட்டுக்கு ஒரே சாவிதான்."

"அப்புறம் எப்படி இவங்க உள்ள வந்திருக்க முடியும்?"

"அதை அவங்ககிட்ட கேளுங்க. இல்லைன்னா ஆபீஸ்ல யாரையாவது சரிக்கட்டியிருப்பாங்க."

சண்முகப்ரியா உள்ளே போனாள். தோரணத்தின் ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தாள். ஓரம் சுருண்டிருந்தது. கட்டி ஒரு நாள் ஆகியிருக்கும். வியாழக்கிழமை காலை. பிறகு வெளியே வந்து கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்தாள். மஞ்சளும் இல்லை, ஒரு பொட்டும் இல்லை. துடைத்து வைத்தது போலச் சுத்தம்.

"சார், சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அறிக்கை அனுப்பாதீங்க. வீட்டையும் கழுவ வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

"நாலு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. அடுத்த ஆள் காத்துட்டிருக்காங்க" என்று கூட்டத்தின் பக்கம் கை காட்டினார் சசிதர்.

அடுத்த ஆள் காத்துக்கொண்டுதான் இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து, நாலு கால் நடைச்சட்டத்தைப் பிடித்து நிற்கும் அம்புஜம். தரைத்தள வீட்டுக்கான காத்திருப்பு வரிசையில் முதல் பெயர் அவருடையது. போத்தனூரில் தங்கச்சி வீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தவர். யாராவது வராமல் போனால் தனக்குக் கிடைக்குமே என்று ஆட்டோ பிடித்து வந்திருந்தார்.

"என்னைய ஏன் சார் காட்டறீங்க? நான் பாட்டுக்கு நின்னுட்டிருக்கறேன்" என்றார் அம்புஜம் உரக்க.

கூட்டத்தில் ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம் முணுமுணுத்தாள். "திங்கட்கிழமை தர்றேன்னு சொன்ன சாவிய, பெரிய அதிகாரி சொல்லிட்டாருன்னு நேத்து சாயங்காலம் வாட்ஸப்புல போட்டு வெள்ளிக்கு மாத்துனாங்க. ஆடி மாசத்துல இதெல்லாம் ஆகுமா? அதான் இப்படி."

"சாவிய வாங்கிப் பைக்குள்ள போட்டுக்குவோம். பால ஆவணியில காய்ச்சிக்கலாம்" என்றாள் மற்றவள்.

காலை 10.15. உதவி மையம்.

மனசு நாலாம் நம்பரிலேயே இருந்தாலும், பெஞ்சில் காத்திருந்தவர்களை சண்முகப்ரியா திருப்பி அனுப்பவில்லை. முதல் ஆளாக 'அ' பிளாக் பெண் ஒருத்தி காலிக் குடத்தோடு வந்து நின்றாள். 'அ' பிளாக்கில் போன வருடமே குடி வந்துவிட்டார்கள்.

"ஏனுங்க மேடம், காலையில இருந்து சொட்டுத் தண்ணி இல்லீங்க. தலைவரு அந்தியூர் சந்தைக்குப் போயிட்டாரு. மோட்டார் ரூம் சாவி அவருகிட்டதான இருக்குது. அந்தச் சாவியக் கட்டின பொண்டாட்டி கேட்டாக்கூடக் குடுக்க மாட்டாரு."

"நேத்து வந்துச்சா?"

"நேத்துக் காலையில வந்துச்சே! டேங்க் நெறஞ்சு வழிஞ்சு, காயப்போட்ட துணியெல்லாம் நனைஞ்சு போச்சு. இன்னிக்கு இல்ல. இவரு பல்லடத்துக்கு மக ஊட்டுக்கே குடி போறாராம், மூட்டையெல்லாம் கட்டியாச்சு. போறதுக்குள்ள அந்தச் சாவிய யாருகிட்டயாவது வாங்கிக் குடுங்க, புண்ணியமாப் போகும்."

தலைவர் என்றால் குடியிருப்போர் சங்கத் தலைவர் நாச்சிமுத்து. சண்முகப்ரியா லாரித் தண்ணீருக்குப் போன் செய்தாள்.

அடுத்து ஒரு இளம்பெண். இடுப்பில் குழந்தை. குழந்தை இறங்கி மேசை மேல் இருந்த முத்திரைக் கட்டையைப் பிடித்து இழுத்தது.

"லாஸ்யா, இக்கட ரா!" என்று தெலுங்கில் கூப்பிட்டு அதட்டியவள், சண்முகப்ரியாவைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள். "எம் பேரு ஷ்ரவ்யாங்க. புதுசாக் குடி வாரோம். பாப்பாவை அங்கன்வாடியில சேக்கணும். இங்க கேட்டாச் சொல்லுவாங்கன்னு சொன்னாங்க."

"எந்த பிளாக்?"

"'ஆ' பிளாக்குங்க. சாவி நாளைக்குத் தர்றாங்க."

"பாப்பாவோட பிறப்புச் சான்றிதழை எடுத்துட்டு மூணு மணிக்கு வாங்க. அங்கன்வாடி டீச்சர்கிட்ட நானே பேசி வைக்கிறேன்."

"ரொம்ப நன்றிங்க. அக்கறையாப் பேசறீங்க."

ஷ்ரவ்யா போனாள். அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். அவருக்கு மனுவைப் பாதி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது சண்முகப்ரியாவின் பேனா ஒரு கணம் நின்றது. என்னவோ ஒன்று காதில் விழுந்து, சரியாக உட்காராமல் நெருடியது. என்ன அது? பிடிபடவில்லை. எழுதி முடித்தாள்.

முற்பகல் 11.30.

பெஞ்சு காலியானதும் சசிதர் உள்ளே வந்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பாய் விக்கலைன்னா, அவரை மாட்டி விடறாங்க. ஒதுக்கீடு ரத்தானா லாபம் யாருக்கு? அம்புஜம்மாவுக்கு. நேரா கேளுங்க."

அம்புஜம் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். சண்முகப்ரியா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, சாப்பிட்டீங்களா?"

"என்னைய விசாரிக்க வந்தியா, சோறு போட வந்தியா?"

"ரெண்டும்."

அம்புஜத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கேளு அம்மணி."

"நேத்துக் காலையில எங்க இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரியில. இடுப்புக்கு எக்ஸ்ரே. வேணும்னா அங்க கேட்டுப் பாரு. குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாதவ நானு. நான் போயி மூணு செங்கல் வெச்சு ஊதிப் பத்த வெச்சனாக்கும்?"

"நான் உங்களைச் சந்தேகப்படலை. ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்த வீட்டைப் பார்த்தப்ப உங்களுக்கு என்ன தோணிச்சு?"

அம்புஜம் நடைச்சட்டத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பேசினால் பழி தன் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் பேசினார்.

"நிலைப்படி முழுக்க மஞ்சள் பூசியிருந்துச்சு பாரு, அது எங்க ஆளுங்க பழக்கம். தெலுங்கு பேசற ஊடுகள்ல அப்படித்தான் பூசுவோம். மத்தவங்க மூணு பொட்டு வெச்சு உட்டுருவாங்க. அப்புறம் இன்னொண்ணு. ஆடியில எவன் பால் காய்ச்சுவான்னு எல்லாரும் கேக்கறாங்க. ஆடி உங்களுக்கு. எங்களுக்கு அமாவாசை முடிஞ்சதும் சிராவணம் பொறந்துருச்சு. எங்களுக்கு இது நல்ல மாசம்."

சண்முகப்ரியாவின் விரலில் நாடா வேகமாகச் சுற்றியது.

"ஏனம்மா, இதைச் சொன்னா உங்க மேலதானே சந்தேகம் வரும்?"

"வரட்டும். அந்தப் பொம்பள காலையில சாவியப் புடிச்சுட்டு நின்னாளே, நானும் பாத்தேன். அப்படி வர்ற ஊடு எனக்கு வேண்டாம்."

சண்முகப்ரியா எழுந்து நின்று அந்தப் பெரியவளைப் பார்த்துக் கை கூப்பினாள்.

பகல் 12.40.

சலங்கைச் சத்தம் முதலில் வந்தது. பின்னால் நாச்சிமுத்து வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குதிரைக்குக் கட்டும் சலங்கை மாலை, தோளில் பை.

"ஏனுங்க அம்மணி, என்னமோ பால் பொங்கின கதையாமா? கேள்விப்பட்டதும் ஓடியாறேன்."

"எப்பக் கிளம்பினீங்க தலைவரே?"

"புதன்கிழமை சாயங்காலமே பஸ் ஏறிட்டேனுங்க. அந்தியூர்க் குதிரைச் சந்தைன்னா நமக்கு உசுரு. வருசம் தப்பாமப் போயிருவேன். ஒரு வெள்ளைக் குதிரை வந்திருந்துச்சு பாருங்க, ஆட்டம்னா அது ஆட்டம்!"

"இன்னிக்குத்தான் சாவி கொடுக்கறாங்கன்னு தெரியாதா?"

"அந்தக் கூட்டத்துல போனை எங்கீங்க பாக்கறது? காலையில பஸ்ஸுல உக்காந்துதான் பாத்தேன்." பையைத் திறந்து ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தை மேசை மேல் வைத்தார். "பாவம் பாய். நல்ல மனுசன். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குதில்லீங்க? சீக்கிரமாக் கழுவிப்போட்டு அடுத்த ஆளுக்குக் குடுத்துப்போடுங்க. அசிங்கமா ஊரு பூராப் பேச்சு. வேணும்னா நானே ஆள் உட்டுக் கழுவிப்போடறேன்."

"வேண்டாங்க. மூணு மணிக்கு 'ஆ' பிளாக் வாசலுக்கு வாங்க. உங்க கையெழுத்தும் வேணும்."

"அதுக்கென்னங்க, வாரேன்."

சலங்கைச் சத்தம் தேய்ந்து மறைந்தது. சண்முகப்ரியா பேரீச்சம்பழத்தைத் தொடவில்லை. ஜன்னல் வழியே 'அ' பிளாக்கின் உச்சியில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தொட்டியின் பக்கவாட்டில், நேற்று வழிந்த தண்ணீர் கோடு கோடாகப் பாசியை அரித்திருந்தது.

அப்போதுதான் காலையில் நெருடியது எது என்று அவளுக்குப் பிடிபட்டது.

*சாவி நாளைக்குத் தர்றாங்க.*

பிற்பகல் 3.00. 'ஆ' பிளாக், நாலாம் நம்பர் வாசல்.

பீர் முகம்மதும் தாஜுன்னிசாவும் சாய்தளத்தின் அடியிலேயே நின்றார்கள். அம்புஜம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். சசிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாச்சிமுத்து சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்; சலங்கை மாலை கையிலேயே இருந்தது.

"முதல்ல தண்ணி" என்றாள் சண்முகப்ரியா. "தலைவரே, மோட்டார் ரூம் சாவியக் கொடுங்க. 'அ' பிளாக் வறண்டு கிடக்குது."

"நானே போயிப் போட்டுட்டு வாரேனுங்க."

"நீங்க இங்க இருக்கணுமே. சார் உங்களைச் சாட்சியா வெச்சுத்தான் எழுதப் போறார்."

நாச்சிமுத்து அரைமனதோடு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் ஒரு பெரிய சாவி, ஒரு சின்னச் சாவி. சின்னச் சாவியில் 'அ-2' என்று அவர் வீட்டு எண் போட்ட அட்டை.

சண்முகப்ரியா பெரிய சாவியைத் தொடவில்லை. சின்னச் சாவியை எடுத்து, நாலாம் நம்பர் கதவில் போட்டுத் திருகினாள்.

டக்.

கதவு திறந்தது. மறுபடியும் அதே தீய்ந்த பால் வாசம்.

"இது எப்படி?" சசிதர் இரண்டு எட்டு முன்னால் வந்தார். "ஒரு வீட்டுக்கு ஒரே சாவிதானே?"

"காலையில நீங்க எந்தச் சாவியால இந்தக் கதவைத் திறந்தீங்க சார்?"

சசிதர் பூட்டையும் சின்னச் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"ஒன்பதாம் நம்பர் சாவியால" என்றாள் சண்முகப்ரியா. "திறந்த பிறகுதான் அட்டையைப் பார்த்து மாத்திக் கொடுத்தீங்க. நாங்க எல்லாரும் பார்த்துட்டுத்தான் இருந்தோம். பால் வாசம் வந்ததும் சாவிய மறந்துட்டோம். மொத்தமா வாங்கின மலிவுப் பூட்டு சார். ரெண்டு பிளாக்குக்கும் ஒரே பூட்டு. நாலஞ்சு மாதிரிச் சாவிதான் திரும்பத் திரும்ப வருது. அதனால உள்ள வர உங்க பீரோவும் வேண்டாம், ஆபீஸ் ஆளும் வேண்டாம். பொருந்தற சாவி ஒண்ணு இருந்தாப் போதும்."

"அட, இது நல்லா இருக்குதே!" நாச்சிமுத்து சிரித்தார். "'அ' பிளாக்குல எத்தனை ஊடு! எத்தனை பேரு சாவி இதுல பொருந்துமோ. நான்தான்னு எப்படீங்க சொல்லுவீங்க?"

"நியாயமான கேள்வி. வரிசையா வருவோம். மாட்டி விடறதுக்காகப் பால் காய்ச்சியிருந்தா, ஊர் பார்க்க வாசல்ல மஞ்சளைப் பூசியிருப்பாங்க. இங்க எல்லாமே கதவுக்கு உள்பக்கம். வெளிய ஒரு பொட்டுகூட இல்ல. அப்படீன்னா இது சதி இல்ல, நிசமான குடிபுகுதல். நம்ம வீடுன்னு நம்பி, பக்தியோட காய்ச்சின பால். வெளிய ஒண்ணும் தெரியக் கூடாதுன்னு யாரோ ஒருத்தர் அவங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கார். அந்தக் குடும்பம் எதுன்னு அம்புஜம்மாதான் வழி காட்டினாங்க. நமக்கு ஆடி. தெலுங்கு பேசற வீட்டுக்குச் சிராவணம் பொறந்துருச்சு, நல்ல நாள்."

"அப்ப அந்தக் குடும்பத்தைப் புடிங்க. என்னைய ஏன் புடிக்கிறீங்க?"

"காய்ச்சினவங்க ஏன் மஞ்சளைக் கழுவலைன்னு எனக்குச் சந்தேகமில்ல. மங்கள காரியம் நடந்த வீட்டை அன்னிக்கே யாரும் கழுவித் துடைக்க மாட்டாங்க. எனக்குப் புரியாதது வேற. அவங்களை உள்ள விட்ட ஆள் ஏன் சுத்தம் பண்ணலை? சாவி கொடுக்கறது இன்னிக்குன்னு நேத்துச் சாயங்காலமே இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தப்பு செஞ்சவன் இங்க இருந்திருந்தா, ராத்திரியோட ராத்திரியாக் கழுவி விட்டிருப்பான். கழுவலைன்னா, தேதி மாறினது அவனுக்குத் தெரியலை. திங்கட்கிழமைதானே, சனிக்கிழமை வந்து பார்த்துக்கலாம்னு நிம்மதியா இருந்திருக்கான். இந்தக் குடியிருப்புல அப்படித் தெரியாம இருந்தது ஒரே ஒருத்தர். குதிரை ஆட்டம் பார்த்துட்டு இருந்தவர்."

நாச்சிமுத்துவின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது.

"நான் புதன்கிழமையே போயிட்டேன்னு சொன்னனே. பால் காய்ச்சினது வியாழக்கிழமைங்கறீங்க. எப்படிப் பொருந்தும்?"

"அங்கதான் தண்ணி வருது" என்றாள் சண்முகப்ரியா. "வியாழக்கிழமை காலையில 'அ' பிளாக் தொட்டி நிறைஞ்சு வழிஞ்சுது. யாரோ மோட்டாரைப் போட்டிருக்காங்க. மோட்டார் ரூம் சாவி உங்களைத் தவிர யாருகிட்டயும் கிடையாது. கட்டின பொண்டாட்டிக்கே கொடுக்க மாட்டீங்களாமே! காலையில பழக்கம் போல மோட்டாரைப் போட்டீங்க. அப்புறம் இங்க வந்து கதவைத் திறந்துவிட்டுக் காவல் நின்னீங்க. மோட்டாரை மறந்துட்டீங்க. இங்க பால் வழிஞ்சுது, அங்க தண்ணி வழிஞ்சுது. அதுக்கப்புறம்தான் அந்தியூர் பஸ்."

கூட்டத்தில் குடத்துக்காரி கத்தினாள். "என்ற சீலையெல்லாம் நனைஞ்சது இதுக்குத்தானா?"

"வாயில வந்ததைப் பேசறீங்க. அந்தக் குடும்பம் எங்க? கூட்டியாங்க, பாக்கலாம்!" என்றார் நாச்சிமுத்து.

சண்முகப்ரியா பதில் சொல்வதற்குள் சாய்தளத்தில் ஒரு குழந்தை ஓடி வந்தது. பின்னாலேயே கையில் பிளாஸ்டிக் உறையோடு ஷ்ரவ்யா.

"மேடம், மையத்துல யாரும் இல்ல. இங்க இருக்கறீங்கன்னு சொன்னாங்க. பாப்பாவோட சான்றிதழ் கொண்டாந்தேன்." அப்போதுதான் திறந்திருந்த கதவைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அட, நம்ம ஊட்டைத் திறந்து உட்டுட்டீங்களா? தலைவரண்ணா, சாவி நாளைக்குத்தான்னு சொன்னீங்களே!"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

"'ஆ' பிளாக்குல எல்லாருக்கும் இன்னிக்குத்தான் சாவி, ஷ்ரவ்யா" என்றாள் சண்முகப்ரியா மெதுவாக. "நாளைக்குச் சாவின்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். இந்த வீடு இவங்களோடது."

ஷ்ரவ்யா தாஜுன்னிசாவைப் பார்த்தாள். சக்கர நாற்காலியைப் பார்த்தாள். புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வாங்கினவங்களுக்கு வேண்டாமாம், உரிமையை எங்களுக்கு மாத்தித் தர்றேன்னு சொன்னாருங்க. ஸ்ரீனிவாஸ், என்ற ஊட்டுக்காரரு, லேத்துல வேலை. அவரு ஆறு மாசம் ஓவர்டைம் பாத்தது அத்தனையும் இவருகிட்டத்தான் இருக்குது. சங்கத் தலைவரு. சாவி போட்டுத் திறந்து வேற காட்டினாரு. திறந்த கதவை எப்படீங்க நம்பாம இருக்கறது?"

"நீங்க ஏன் எழுதிப் போடலை?" என்று கேட்டார் சசிதர். குரலில் காலை நேரத்து அதட்டல் இல்லை.

"எழுதிப் போட்டாக் கிடைக்காது, ஆளைப் புடிச்சாத்தான் கிடைக்கும்னு எல்லாரும் சொன்னாங்க சார்."

மதுக்கரையிலிருந்து காவலர்கள் வந்தார்கள். நாச்சிமுத்து வீட்டில் கட்டி வைத்திருந்த மூட்டைகளுக்குள்ளேயே ஸ்ரீனிவாஸின் பணம் இருந்தது. ஜீப்பில் ஏறும்போது நாச்சிமுத்து யாரையும் பார்க்கவில்லை. சலங்கை மாலை மட்டும் ஒரு தடவை சத்தம் போட்டது.

சசிதர் பீர் முகம்மதின் முன்னால் வந்து நின்றார்.

"பாய், காலையில எல்லார் முன்னாடியும் கேட்டேன். அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன். தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோங்க. பூட்டெல்லாம் நாளைக்கே மாத்தச் சொல்றேன்."

"வூடு இருக்குதுல்லீங்க சார், அது போதும்" என்றார் பீர் முகம்மது. தாஜுன்னிசா அவரைச் சாய்தளத்தில் ஏற்றினாள். யாரும் தூக்கவில்லை. சக்கரம் உருண்டு, மஞ்சள் பூசிய நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனது.

ஒரு பெண் வாளியும் துடைப்பமுமாக வந்தாள். தாஜுன்னிசா தடுத்தாள்.

"இன்னிக்கு வேண்டாங்க்கா. நல்ல நாள் பாத்து, நல்ல மனசோட காய்ச்சுன பாலு. என் வூட்டுல பொங்குனது எனக்கும் நல்லதுதானே? நாளைக்கு நானே கழுவிக்குவேன்." பிறகு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தவளின் தோளில் கை வைத்தாள். "ஏந்திரி கண்ணு. பாப்பா பாக்குதில்ல. உள்ள வா, டீ போடறேன்."

"எங்க போடுவீங்க? அடுப்பே இல்லையே" என்றாள் ஷ்ரவ்யா விசும்பலோடு.

"நீ வெச்ச செங்கல் இருக்குதே!"

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சண்முகப்ரியா அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "டீ குடிச்சுட்டு மையத்துக்கு வாங்க. உங்க வீட்டுக்காரரையும் வரச் சொல்லுங்க. ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்றிதழ். சான்றிதழ் இல்லைன்னா நான் வாங்கித் தர்றேன். சொந்த வீடு இல்லைன்னு ஒரு உறுதிமொழி. அவ்வளவுதான். இவங்க முதல் தடவை போட்டப்ப வருமானச் சான்றிதழ்ல தப்பு வந்து தள்ளிட்டாங்க. ரெண்டாவது தடவை திருத்திப் போட்டோம், கிடைச்சுது. கொஞ்ச நாள் ஆகும். ஆனா உங்க பேர்ல வரும். நடுவுல எந்த ஆளும் வேண்டாம். நாளையில இருந்து ஒரு மேசையைத் தூக்கி வாயிற்கதவுக்கு வெளிய போடப் போறேன். உள்ள இருக்கறவங்களுக்கு மட்டும் உதவி செஞ்சாப் போதாது."

சசிதர் நாச்சிமுத்துவின் சாவிக்கொத்திலிருந்து பெரிய சாவியைக் கழற்றிக் குடத்துக்காரியிடம் கொடுத்தார். சற்று நேரத்தில் மோட்டார் உறுமியது. 'அ' பிளாக்கின் மாடிகளிலிருந்து கூச்சல் எழுந்தது.

கொத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சின்னச் சாவி. அதைச் சசிதர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அ-2. தரைத்தளம்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். விக்கத் துணை போனவரோட ஒதுக்கீடும் ரத்து. இன்னிக்கே அறிக்கை எழுதறேன். மேலிடத்துல ஒப்புதல் வந்ததும் காத்திருப்பு வரிசையில முதல் பெயருக்குப் போகும்." அவர் பிளாஸ்டிக் நாற்காலியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான்மா. ஆனா சாமான் எல்லாம் காலி பண்ணி, பூட்டு மாத்தி, ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அவசரமில்லைன்னா ஆடி முடிஞ்சு ஆவணியில நல்ல நாள் பார்த்து..."

அம்புஜம் நடைச்சட்டத்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஆவணி உங்களுக்கு வெச்சுக்கோங்க சார். சாவி வந்த அன்னிக்கே நான் பால் வெப்பேன். எனக்குச் சிராவணம் நடக்குது."